இரண்டு போன், ஒரு திரை

அக்காவும் நானும் ஒரே நாளில் ஒரே மாடல் போன் வாங்கினோம். மூன்று வருடம் நன்றாகவே ஓடியது. அப்புறம் என்னுடையது தண்ணீரில் விழுந்தது. உலர வைத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை, மதர்போர்டு போய்விட்டது. ஆனால் திரையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. சில மாதம் கழித்து அக்காவின் போன் கைதவறி விழுந்து திரை நொறுங்கியது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது, எடுத்துப் பேசத்தான் வழியில்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. இதைக் கழற்றி அதில் மாட்டிவிடலாமே.

மடிக்கணினி பேட்டரி, ஹெட்போன் வயர் என்று சிலவற்றை முன்பே நானாக மாற்றியிருக்கிறேன். போன் திரை இதுதான் முதல் தடவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையை ஒழித்து வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். எதிரில் அக்கா. முதலில் அவளுடையதைத் திறந்தேன். அதன் திரை எப்படியும் போனதுதான், கை பழகட்டும் என்று. உடைந்த கண்ணாடி சிதறாமலிருக்க மேலே அகலமான டேப் ஒட்டி, ஓரங்களை ஹேர் டிரையரால் சூடாக்கிப் பசையை இளக்கி, உறிஞ்சு கிண்ணத்தால் மெல்ல இழுத்து, விழுந்த இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்தேன். அடிப்பக்கத் திருகுகளின் தலையில் பூ மாதிரி ஐந்து இதழ். வீட்டில் இருக்கும் எந்தத் திருப்புளியும் அதில் உட்காராது, தனியாக வாங்கினேன். உள்ளே இருக்கும் திருகுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடியதைத் தவறான துளையில் முடுக்கினால் அதன் முனை கீழே இருக்கும் போர்டின் செம்பு இழையை அறுத்துவிடும். அதனால் ஒரு தாளில் போனின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தேன். முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்தேன், பிறகு ரிப்பன் கேபிள்கள். என் போனிலும் அதே வரிசை. இரண்டரை மணி நேரம் ஆனது. இடையில் அக்கா அதிகம் பேசவில்லை, திருகு ஒட்டிய தாளை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. தொட்ட இடமெல்லாம் வேலை செய்தது. அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அதில் அவளுடைய மூன்று வருடப் புகைப்படங்கள் இருந்தன. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, திரையின் நடுவில் ஒரு அறிவிப்பு வந்தது. இந்தத் திரை அசல் பாகம்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றது. தள்ளிவிட்டோம். போனை அணைத்துப் போட்டால் மறுபடி வந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்றும் தெரிந்தது. வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தானாகக் கூடிக் குறையும் வசதியே அமைப்புகளில் காணாமல் போயிருந்தது. வெயிலில் நின்றால் ஒன்றும் தெரியாது, இருட்டில் கண்ணைக் குத்தும்.

அக்கா கேட்டாள்: “ரெண்டும் நாம வாங்கின போன்தானேடா? இந்தத் திரை எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியணும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் பேசியவர் மிகப் பொறுமையாகவே பேசினார். அவர்களிடம் புதுத் திரை வாங்கி அவர்களே மாட்டினால், கடைசியில் ஒரு மென்பொருளை ஓட்டி அந்தத் திரையின் எண்ணைப் போனில் பதிவார்களாம். வேறு போனிலிருந்து கழற்றியதைப் பதிய மாட்டார்கள். “அது உங்கள் கம்பெனியின் திரைதான், நீங்கள் விற்றதுதான்” என்றேன். “உண்மைதான், ஆனால் இந்தப் போனோடு வந்ததில்லையே” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையிலும் அந்தச் சாவி இல்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

எண்ணால் போட்ட முடிச்சு

இதற்கு பார்ட்ஸ் பேரிங் என்று பெயர், பாகத்தைப் போனோடு ஜோடி சேர்ப்பது. திரை, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சிப் இருக்கும். அதில் ஒரு வரிசை எண். தொழிற்சாலையில் போனின் பாகங்களைப் பொருத்தும்போது இந்த எண்களை மதர்போர்டு மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் அழைத்துப் பார்க்கிறது. எண் மாறியிருந்தால் எச்சரிக்கை காட்டலாம், ஒரு வசதியை நிறுத்தலாம், பாகத்தையே ஏற்க மறுக்கலாம். எதைச் செய்வது என்பது மென்பொருள் எழுதியவரின் விருப்பம். பாகத்துக்கும் போனுக்கும் இடையே பொருந்தாத பல் ஒன்றும் இல்லை, அறுந்த கம்பியும் இல்லை.

இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு திரையின் நிறமும் ஒளியும் இம்மியளவு வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தொழிற்சாலையில் அளந்து பதிந்து வைப்பார்கள். திரை மாறினால் அளவையும் மாற்ற வேண்டும், சரி. ஆனால் அந்த அளவை மாற்றும் கருவி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் சில நிமிடத்தில் முடிகிற வேலை அது. கருவி என் கையில் இல்லை, எனக்குத் தரவும் மாட்டார்கள். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பழுதுபார்க்கும் உரிமை என்றால் மூன்று பொருள் என்றுதான் நான் பல வருடமாக நினைத்திருந்தேன்: உதிரிபாகம், கையேடு, கருவி. இந்த மூன்றையும் கம்பெனி தன் ஆட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் நமக்கும் கொடுக்கச் சட்டம் வந்தால் போதும், மீதியை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. சட்டங்களும் அப்படித்தான் தொடங்கின. 2012இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் மக்கள் நேரடியாக வாக்களித்து, கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குத் தரும் கோளாறு கண்டறியும் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு மாநிலத்துக்கு ஒரு விதியும் இன்னொன்றுக்கு வேறொன்றும் வைத்துக்கொள்ள முடியாமல், 2014இல் கார் தயாரிப்பாளர்களின் சங்கங்கள் நாடு முழுவதற்கும் அதையே ஒப்புக்கொண்டன. அதே 2014இல் இந்தியப் போட்டி ஆணையமும், உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மின்னணுச் சாதனங்களுக்கான சட்டம் வர இன்னும் பல வருடம் ஆனது. நியூயார்க்கில் 2022 டிசம்பரில் கையெழுத்தானது, மினசோட்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் 2023இல். எல்லாவற்றின் நடுவிலும் அதே மூன்று பொருள்கள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் இருந்ததை மறுபடி எண்ணிப் பார்த்தேன். பாகம் இருந்தது, அதைவிட அசலான பாகம் உலகத்தில் கிடையாது. வழிமுறை தெரிந்திருந்தது. திருப்புளி முதல் பசை டேப் வரை கருவிகளும் இருந்தன. வேலையையும் ஒழுங்காகவே முடித்திருந்தேன். கேட்ட மூன்றும் கையில் இருந்தும் பழுது முழுதாகத் தீரவில்லை என்றால், நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் இத்தனை நாள் எண்ணாமல் விட்டிருக்கிறேன். அதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்கலாம். போனை விற்றுப் பணம் வாங்கிக்கொண்ட பிறகும், அதற்குள் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விற்றவரின் சம்மதம் தேவைப்படுகிறது. அக்கா கேட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவள் திரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. வாங்கிய பொருள் யாருடையது என்று கேட்டாள்.

அதிலிருந்து எந்தப் பழுதுபார்க்கும் சட்டத்தைப் படித்தாலும் என் கண் முதலில் தேடுவது இந்த நாலாவதைத்தான். பெரும்பாலானவற்றில் அது இல்லை. அமெரிக்காவில் அதை முதலில் எழுதிய மாநிலம் ஒரிகன். 2024 மார்ச்சில் கையெழுத்தான சட்டம் அது. வேலை செய்யக்கூடிய ஒரு மாற்றுப் பாகத்தை உரிமையாளரோ வெளி மெக்கானிக்கோ பொருத்துவதை பேரிங் மூலம் தடுக்கக் கூடாது. சாதனத்தின் செயல்திறனைக் குறைக்கக் கூடாது. அடையாளம் தெரியாத பாகம் என்று உடனே விலக்க முடியாத, தவறான எண்ணம் தரும் எச்சரிக்கைகளைக் காட்டக் கூடாது. படித்தபோது யாரோ எங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியது போலவே இருந்தது. ஆனால் 2025 ஜனவரி முதல் நாளுக்குப் பிறகு தயாரான சாதனங்களுக்குத்தான் அந்தப் பிரிவு பொருந்தும். 2024 மே மாதம் கொலராடோவும் இதே மாதிரி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது.

ஒரிகன் சட்டம் கையெழுத்தான சில வாரங்களில், பயன்படுத்திய அசல் பாகங்களைத் தன் சில மாடல்களில் மாட்டிக்கொள்ள வழிசெய்வதாக ஆப்பிள் அறிவித்தது. எங்கள் போன் அந்தக் கம்பெனியுடையது அல்ல. அவர்கள் அப்படிச் செய்ததற்குக் காரணம் சட்டம்தான் என்று நான் சொல்லவும் இல்லை. தொழில்நுட்பத்தில் முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது, எனக்கு அதுவே பெரிது.

பூட்டை உடைக்கலாம், சுத்தியல் கிடைக்காது

சரி, சம்மதம் தராவிட்டால் அந்த மென்பொருள் பூட்டை நாமே திறந்துகொள்ளலாமே என்று தோன்றும். இங்கே பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் 1998இல் பாட்டையும் படத்தையும் திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். டிஜிட்டல் பூட்டு எதையும் உடைப்பது குற்றம் என்றது அது. பாட்டுக்குப் போட்ட வேலி, மென்பொருள் இருக்கிற காரணத்தால் டிராக்டரையும் போனையும் சேர்த்து வளைத்துக்கொண்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அங்கே விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாம். அப்படித்தான் 2018இல் போன்களையும் வீட்டு உபயோகச் சாதனங்களையும் பழுதுபார்க்கப் பூட்டை உடைக்க அனுமதி கிடைத்தது. 2021இல் அது இன்னும் விரிந்தது. ஆனால் அந்த விதிவிலக்கு உடைக்கும் செயலுக்கு மட்டும்தான். உடைக்கும் கருவியைச் செய்து மற்றவருக்குத் தருவதும் விற்பதும் தடையிலேயே இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொருவரும் தனக்கான மென்பொருளைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். உரிமை தாளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டிய கை எத்தனை பேரிடம் இருக்கும்?

அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பிரிண்டர் இங்க் டப்பாவை மறுபடி நிரப்பி விற்றவர்கள்மேல் லெக்ஸ்மார்க் கம்பெனி தொடர்ந்த வழக்கு, 2017இல் தீர்ப்பு வந்தது. ஒரு பொருளை விற்றதோடு அதன்மேல் இருந்த பேட்டண்ட் உரிமை தீர்ந்துவிடுகிறது, வாங்கியவர் அதை என்ன செய்கிறார் என்று பின்தொடர முடியாது என்றது நீதிமன்றம். பழைய கார்களைச் சீர்செய்து விற்கும் கடையைத்தான் தலைமை நீதிபதி உதாரணமாக எடுத்துக்கொண்டார். கொண்டு வருபவருக்குச் சொந்தமான கார் என்றால் கடைக்காரர் தைரியமாகப் பழுதுபார்த்து விற்கலாம் என்பதால்தான் அந்தத் தொழிலே நடக்கிறது என்று அவர் விளக்குகிறார். இது சட்டம் படிக்காத என் அக்காவுக்கும் தெரிந்த நியாயம்.

கம்பெனிகள் சொல்வது

ஆபத்து என்கிறார்கள். லித்தியம் பேட்டரியைத் தவறாக நெம்பினால் துளை விழுந்து தீப்பிடிக்கும், அது உண்மை. உப்பிப்போன ஒரு பேட்டரியை நானே கழற்றியிருக்கிறேன், அன்றைக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் எனக்கு அன்று உதவியது பேட்டரியின் எந்த ஓரத்தில் பசை இருக்கிறது என்று தெளிவாகக் காட்டிய ஒரு வழிமுறைதான். ஆபத்து இருக்கும் இடத்தில் கையேட்டை ஒளித்து வைத்தால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. அசல் பேட்டரி கிடைக்காதவர் பெயர் தெரியாத பேட்டரியைத்தான் வாங்கி மாட்டுவார். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2021இல் இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து அறிக்கை வெளியிட்டது. தடைகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்பது அதன் முடிவு. ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போச்சு என்ற மிரட்டலும் செல்லாது என்று அதே ஆணையம் 2018இலேயே ஆறு கம்பெனிகளை எச்சரித்திருந்தது.

திருட்டு என்ற வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. திருடிய போனைப் பூட்டு காரணமாக விற்க முடியாமல், பாகம் பாகமாகப் பிரித்து விற்கிறார்கள். பேரிங் இருந்தால் அந்தப் பாகங்களுக்கு மதிப்பில்லாமல் போகும். நியாயமான கவலை. என் போன் திருடு போனால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் திருடு போனதாக உரிமையாளர் பதிந்த போன் எது என்று கம்பெனிக்குத் தெரியும். அந்தப் போனின் பாகங்களை மட்டும் மறுத்தால் போதாதா? என் பழைய போன் என் பெயரில்தான் இருந்தது. கேட்டிருந்தால் இதோ, இந்தத் திரையை அக்காவுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். கேட்பதற்கு ஒரு பொத்தான்கூட அவர்கள் வைக்கவில்லை. கைரேகை, முகம் பார்த்துத் திறக்கும் சென்சார்களில் கூடுதல் காவல் வேண்டும் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன், அங்கே என் பணமும் ரகசியமும் இருக்கின்றன. திரையின் வெளிச்சத்தில் என்ன ரகசியம் இருக்கிறது?

இதெல்லாம் ஒரு போனுக்காக இவ்வளவு யோசிக்க வேண்டிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு நான் கொலராடோவின் 2022 சட்டத்தைச் சொல்வேன். அங்கே முதலில் வந்தது போனுக்கான சட்டம் அல்ல, மின்சாரச் சக்கர நாற்காலிக்கானது. நாற்காலியில் ஒரு பாகம் பழுதானால் அனுமதி பெற்ற ஆள் வரும்வரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்கள் சட்டமன்றத்தில் வந்து பேசினார்கள். சில அமைப்புகளை மாற்றவும் மென்பொருளுக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்ற நிலை. ஒருவருடைய கால் மாதிரி இருக்கும் பொருளுக்கு வேறொருவரின் சம்மதம் தேவை என்பதை யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுத் திரை அதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே முடிச்சு.

ஐரோப்பா இந்த விஷயத்தில் வெகுதூரம் போயிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கியமான உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவு இருக்க வேண்டும். 2024இல் நிறைவேறிய பழுதுபார்ப்பு ஆணையின்படி, உத்தரவாதக் காலத்தில் புதிதாக மாற்றித் தரக் கேட்காமல் பழுதுபார்க்கச் சொன்னால் உத்தரவாதம் இன்னும் 12 மாதம் நீளும். இந்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, பழுதுபார்ப்பவருக்குப் பரிசு தருகிறது. ஒப்பந்த வரியாலோ வன்பொருளாலோ மென்பொருளாலோ பழுதுபார்ப்பைத் தடுக்கக் கூடாது என்றும் அதே ஆணை சொல்கிறது. சொல்லிவிட்டு, நியாயமான புறநிலைக் காரணங்கள் இருந்தால் தவிர என்று ஒரு வாலைச் சேர்க்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் வழக்கு நடக்கப் போகிறதோ. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளுக்கான கையேடுகளையும் சேவை விவரங்களையும் ஒரே இடத்தில் திரட்டும் முயற்சி. கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் வலிமை ஓர் இணையதளத்துக்குக் கிடையாது. அதைச் சட்டம்தான் தர வேண்டும், அந்தச் சட்டத்தில் நாலாவதும் இருக்க வேண்டும்.

2022இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அமைப்புகளின் கணக்கு சொல்கிறது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். இந்த எண்ணை முன்பும் படித்திருக்கிறேன், மனதில் நின்றதில்லை. இப்போது படிக்கும்போது, அதில் எத்தனை நல்ல திரைகள் எண் பொருந்தாத குற்றத்துக்காகப் போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அக்கா அந்தப் போனைத்தான் இன்றும் வைத்திருக்கிறாள். வெளியே போகும்போது வெளிச்சத்தைக் கையால் கூட்டுகிறாள், உள்ளே வந்ததும் குறைக்கிறாள். அறிவிப்பு வந்தால் பார்க்காமலே தள்ளிவிடுகிறாள். அவளுடைய உடைந்த திரையை நான் எறியவில்லை. அதன் கேபிள் மேல் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சிப் இருக்கிறது, போன் தேடிக்கொண்டிருக்கும் எண் அதற்குள்தான் இருக்கிறது. அதைச் சூட்டில் கழற்றி நல்ல திரையின் கேபிளில் பற்றவைத்தால், போன் தன் பழைய திரையே திரும்பி வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். கை தேர்ந்த மெக்கானிக்குகள் இதைச் செய்கிறார்கள். ஒரு பூதக்கண்ணாடி விளக்கும் நுனி மெலிந்த சால்டரிங் அயர்னும் வாங்கியிருக்கிறேன். செத்துப்போன என் மதர்போர்டில் தினமும் இரவு ஒரு மணி நேரம் சின்னச் சின்னச் சிப்புகளைக் கழற்றிப் பழகுகிறேன். நேற்றுதான் ஒன்றைப் பக்கத்தில் இருந்ததைத் தொடாமல் எடுத்தேன்.